ஏரிக்கரையில் இடம் இல்லை என்று சொன்னேன்

என் ஆசைத் தம்பி நேசனுக்கு,

நீ போய் ஆறு மாதம் முடிந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் நானும் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அமைதியானவன், உழைப்பாளி, ஒருவர் மனமும் நோகப் பேசாதவன் என்றெல்லாம் எழுதினேன். அதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. அதை உனக்குச் சொல்ல வேண்டும். அந்த மலரை வாசித்தவர்கள் இதையும் வாசிக்கட்டும் என்றுதான் நம்முடைய ஆட்கள் நடத்தும் சஞ்சிகைக்கு அனுப்புகிறேன். வாயால் செய்த பிழையை நான்கு பேர் பார்க்கத்தானே ஒப்புக்கொள்ள வேண்டும்?

முதலில் வீட்டு விசேஷம் சொல்கிறேன். உன் சுகந்தி திரும்பவும் வேலைக்குப் போகிறாள். உன் மகள் ஆரணி பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். முகம் உன்னுடையது, வாய் என்னுடையது என்று உன் அத்தான் சொல்லிச் சிரிக்கிறார். இங்கே ஒஸ்லோவில், குரோருட்டில் உன் கட்டடத்துக்குக் கீழே நீ கார் நிறுத்தும் இடத்தில் இப்போது வேறு யாரோ நிறுத்துகிறார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் உள்ளே போகிறேன். மாசி மாதக் காலையில், பஸ் ஓட்டப் புறப்பட்டவன், காரில் இருந்த பனியை வழித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே விழுந்தாய். நாற்பத்தியொரு வயதுக்காரனின் நெஞ்சு இப்படிச் செய்யும் என்று யார் நினைத்தோம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒவ்வொரு வருடமும் ஆடி மாதத்தில் நாங்கள் ஆறு குடும்பம் சேர்ந்து காம்பிங் போவோம். எங்கே போவது என்று முடிவெடுப்பவள் நான். யாரும் எனக்கு அந்தப் பதவியைத் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். வைகாசி பிறந்ததும் ரெலிபோனைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக அடிப்பேன். மின்சாரம் இருக்கிறதா, சமையலறை இருக்கிறதா, அடுப்பு எத்தனை, சுடுதண்ணீர் நாள் முழுக்க வருமா, கழிப்பறைக்கு எத்தனை மீட்டர் நடக்க வேண்டும்? எனக்குத் தெரிந்த நோர்வீஜிய மொழியெல்லாம் அந்த ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். உன் அத்தான் பத்திரிகைக்குப் பின்னால் இருந்து கேட்பார்:

"பவளம், நீர் காம்பிங் போறீரோ, வீடு வாங்கப் போறீரோ?"

கடைசியில் எப்போதும் அதே கடலோரத்து இடம்தான். சின்னச் சின்ன மரக் குடில்கள், பொதுச் சமையலறையில் ஆறு அடுப்பு, உடுப்புத் தோய்க்க மெஷின். வரிசையாக நிற்கும் வண்டி வீடுகளில் நோர்வீஜியக் கிழவர்கள் ஜன்னலுக்குச் சரிகைத் திரை போட்டு, வாசலில் பூச்சாடி வைத்து, ரீவி பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது பிடிக்கும். அந்தச் சமையலறைக்குள் நான் போனால் அது என் சமையலறை. காலையில் இடியப்பம், மத்தியானம் சோறும் மூன்று கறியும், பின்னேரம் ரோல்ஸ். கருவாடு பொரித்த அன்று பக்கத்து வண்டி வீட்டுக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, கடைசியில் ஒரு கோப்பைச் சோறு வாங்கிக்கொண்டு போனதை நீயும் பார்த்தாய்.

ஆறு குடும்பத்தின் ரைஸ் குக்கரும் ஒரே நேரத்தில் ஏறினால் ஃபியூஸ் போய்விடும். இருபத்தைந்து பேர் பசியோடு நிற்பார்கள். நான் கத்துவேன், "தம்பி!" நீ எங்கிருந்தோ வருவாய். பலகைக்குப் பின்னால் இருக்கிற பெட்டியைத் திறந்து எதையோ தட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போவாய்.

போவது எங்கே? மற்ற ஆண்கள் மரத்தடி மேசையில் முந்நூற்றிநாலு சீட்டு விளையாடிக்கொண்டு ஒருவரை ஒருவர் கள்ளன் என்று ஏசிக்கொண்டிருக்க, நீ மட்டும் படகுத்துறையின் கடைசிப் பலகையில் போய் உட்கார்ந்திருப்பாய். ஒருநாள் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டுக் கேட்டேன்.

"எடேய், உதிலை என்னடா இருக்கு, ஒவ்வொரு நாளும் வந்து இருக்கிறாய்?"

"தண்ணி இருக்கு அக்கா."

நான் தலையில் அடித்துக்கொண்டு போனேன்.

பிறகுதான் அந்த ஏரிக் கதை தொடங்கியது. உன்னோடு பஸ் ஓட்டுகிற நோர்வீஜியன் ஒருவன் ஒரு சனிக்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு போனான். குரோருட்டில் ரி-பானா ரயில் நிலையத்துக்கு மேலே ஏறி, கட்டடங்கள் முடிகிற இடத்தில் காட்டுக்குள் இறங்கி, ஒன்றேகால் மணி நேரம் நடந்தால் ஒரு ஏரி. அங்கே குடில் இல்லை, மின்சாரம் இல்லை, கழிப்பறைகூட இல்லை. கூடாரத்தை அடித்துப் படுக்க வேண்டியது, ஏரித் தண்ணீரில் முகம் கழுவ வேண்டியது. ஒரு இரவு அங்கே தங்கிவிட்டு வந்து, நீ இரண்டு நாள் சிரித்த முகத்தோடு திரிந்ததாகச் சுகந்தி சொன்னாள். நாள் முழுக்க பஸ் மணிச் சத்தமும் கதவுச் சத்தமும் கேட்கிறவனுக்கு அது தேவையாக இருந்திருக்கும். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள முயற்சி செய்யவும் இல்லை.

ஆரணி முதல் முதலாகக் கமெரா ஃபோன் வாங்கி எல்லாரையும் படம் எடுத்துத் தொல்லை கொடுத்த போன வருட வைகாசியில், ஸ்டோவ்னரில் என் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். வழக்கமான கூட்டம்தான். நீ சட்டைப் பையிலிருந்து மடித்த வரைபடம் ஒன்றை எடுத்து, ரோல்ஸ் தட்டைத் தள்ளிவிட்டு மேசையில் விரித்தாய். நீ அத்தனை பேர் நடுவே வாய் திறந்ததே எனக்கு அதிசயம்.

"இந்த முறை ஒரு இரவு இஞ்சை போய்ப் பாப்பமே? பிறகு வழமையான இடத்துக்குப் போகலாம். இப்ப நாங்கள் வீட்டையெல்லோ தூக்கிக்கொண்டு போறம்."

ஒருவர் கரடி வருமா என்று கேட்டார். இன்னொருவர் நேசன் சாமியாராகப் போகிறான் என்றார். நீயும் சேர்ந்து சிரித்தாய். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

"ஊரிலை இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழை கிடந்தது காணாதோ? இஞ்சை வந்தும் கிடக்கோணுமோ?"

அந்த வார்த்தைக்கு எதிராக யார் என்ன பேச முடியும்? வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்தாய்.

ஆனால் தம்பி, மரத்துக்குக் கீழே கிடந்தது யார்? நான் இல்லையே. சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தபோது நான் இங்கே வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஹீட்டர் போட்ட வீட்டில் கம்பளி போர்த்திக்கொண்டு செய்தி கேட்டவள் நான். மழைக்குள்ளே மூட்டையோடு நடந்தவன் நீ. மாமரத்தின் கீழ் பாயில் படுத்து, காய்ச்சலோடு கிடந்தவன் நீ. உன் கஷ்டத்தை எடுத்து உன் வாயை அடைக்கவே பயன்படுத்தினேன். அதைக்கூட நீ எடுத்துச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

எல்லாரும் போன பிறகு லிஃப்ட் வாசலில் நின்று திரும்பவும் கேட்டாய்.

"அக்கா, மற்றவை வேண்டாம். நாங்கள் ரெண்டு குடும்பம் மட்டும். ஒரேயொரு இரவு. நீங்கள் வந்தால் காணும்."

உன் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வரவில்லை. "சரி, இடம் இருக்கோ எண்டு நான் ரெலிபோன் அடிச்சுக் கேக்கிறன்," என்றேன். நீ ஏதோ சொல்ல வாய் எடுத்தாய். லிஃப்ட் வந்துவிட்டது, சுகந்தி அதற்குள் ஏறி நின்று கூப்பிட்டாள்.

நான் யாருக்கும் அடிக்கவில்லை. அடிக்கும் எண்ணமும் எனக்கு இருக்கவில்லை. ஒரு கிழமை கழித்து உனக்குத்தான் அடித்தேன்.

"கேட்டனான் தம்பி. அந்தக் கிழமை முழுக்க இடம் நிரம்பிப் போச்சாம். என்ன செய்யிறது?"

அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது, தடிமன் ஆக்கும் என்று நினைத்தேன். "அப்பிடியே? சரி அக்கா. அடுத்த வருசம் பாப்பம்," என்றாய். எவ்வளவு லேசாக முடிந்துவிட்டது என்று நிம்மதியாக ரெலிபோனை வைத்தேன்.

ஏன் அந்தப் பொய்யைச் சொன்னேன்? பாம்பும் பூச்சியும் என்று சாட்டுச் சொல்லலாம். முழங்கால் வலி என்றும் சொல்லலாம். உண்மை வேறு. அந்த ஏரிக்கரையில் எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. சமையலறை இல்லை, கூப்பிட்டுச் சாப்பாடு போட ஆட்கள் இல்லை, ஏசுவதற்கும் ஆள் இல்லை. அடுப்படியில் நிற்காத பவளத்தை யார் கணக்கில் எடுப்பார்கள்? அது எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கடலோரத்தில் ஆறு அடுப்புக்கும் நான் ராணி. அதை ஒரு இரவுக்குக்கூட விட மனம் வரவில்லை.

அந்த ஆடியிலும் கடலோரத்துக்கே போனோம். நீ வழக்கம்போல அரிசி மூட்டை தூக்கினாய், ஃபியூஸ் போட்டாய், படகுத்துறையில் இருந்தாய். மாசியில் போய்விட்டாய்.

பங்குனி கடைசியில் சுகந்தி கூப்பிட்டாள். உங்கள் கட்டடத்து நிலவறையில் நீங்கள் சாமான் வைத்திருந்த அறையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றாள். குளிர்கால டயர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய பை இருந்தது. இரண்டு கூடாரங்கள், உறை கூடப் பிரிக்கவில்லை. ஒரு காஸ் அடுப்பு, அதற்கு அளவான சோற்றுப் பானை. தலையில் கட்டுகிற லைட் இரண்டு. அதற்குக் கீழே, மடிக்கிற பிளாஸ்டிக் கழிப்பறை இருக்கை ஒன்று.

"எல்லாம் உங்களுக்காகத்தான் வாங்கி வைச்சவர் மச்சாள்," என்றாள் சுகந்தி. "அக்கா முழங்காலை மடக்கிக் குந்தமாட்டா எண்டு கடை கடையாய்த் தேடினவர்."

நான் என்னென்ன சாட்டுச் சொல்வேன் என்று எனக்கு முன்னமே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமான் வாங்கி வைத்திருக்கிறாய். நான் ரெலிபோனில் இடம் இல்லை என்று சொன்னபோது இவையெல்லாம் அங்கேதான் இருந்திருக்கின்றன. அந்தப் பிளாஸ்டிக் இருக்கையை மடியில் வைத்துக்கொண்டு நிலவறையில் இருந்து அழுதேன். வேறு யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். நீயும் சிரித்திருப்பாய்.

இந்த ஆடியில் நான் காம்பிங் போகவில்லை. மற்றவர்கள் போனார்கள். இரண்டாம் நாளே ஃபியூஸ் போனதாம். எந்தச் சுவிச்சைத் தட்டுவது என்று ஒருவருக்கும் தெரியாமல், கடைசியில் அலுவலகத்துப் பெடியனைக் கூப்பிட்டார்களாம். யாரோ பழக்கத்தில் "நேசன்!" என்று கூப்பிட்டுவிட்டாராம். அதன் பிறகு அன்று சீட்டு விளையாடவில்லை என்று அறிந்தேன்.

இரண்டு கிழமைக்கு முன், சுகந்தியும் ஆரணியும் நானும் உன் ஏரிக்குப் போனோம். வரைபடத்தில் நீ பென்சிலால் வட்டம் போட்டிருந்தாய். கூடாரம் கொண்டுபோகவில்லை. முதலில் போய் இடத்தைப் பார்த்து, தங்குவதற்குப் பதிந்துவிட்டு வருவோம் என்று நான்தான் சொன்னேன். அடையாள அட்டையும் கைப்பையில் எடுத்து வைத்திருந்தேன். இந்த நாட்டில் எந்தக் கந்தோருக்குப் போனாலும் இலக்கம் எடுத்து வரிசையில் நின்று பழகியவள் அல்லவா?

ஏரி, நீ சொன்னபடியே இருந்தது. பைன் மரம், பாறை, தண்ணீர். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பலகை இல்லை, ஒரு குடில் இல்லை. ஒரு வயதான நோர்வீஜியப் பெண் வாளியோடு குனிந்து புளூபெரி பறித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கேட்டேன்.

"இங்கே இரவு தங்க எங்கே பதிய வேண்டும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்கேயும் இல்லை."

"அப்படியானால் இடம் இருக்கிறதா என்று யாருக்கு ரெலிபோன் அடித்துக் கேட்பது?"

அவர் கரையை ஒருமுறை பார்த்தார். எங்களைத் தவிர ஒரு சோடி வாத்துதான் இருந்தது. "இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்," என்றார், சிரிக்காமல்.

ஆரணிதான் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமி காட்டுக்குள்ளை ரிசெப்ஷன் தேடுறா! மாமி, இஞ்சை ஆரையும் கேக்கத் தேவையில்லை. காடு எல்லாருக்கும் பொது. வந்து, கூடாரத்தை அடிச்சு, படுத்திட்டு, குப்பையை எடுத்துக்கொண்டு போனால் சரி. அது இந்த நாட்டுச் சட்டம். எங்களுக்கு முதலாம் வகுப்பிலையே படிப்பிச்சவை."

நான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். இருபது வருடம் இந்த நாட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நீ அங்கே போனாய். இங்கே வந்து பதினாலு மாதம் அகதி நிலையத்தில் ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்தவன் நீ. உனக்காக ஒவ்வொரு கந்தோருக்கும் ரெலிபோன் அடித்தது நான். தங்க விடுவார்களா, இருக்க விடுவார்களா என்று கேட்டுக் கேட்டு வாழ்ந்தவனுக்கு, யாரையும் கேட்காமல் படுக்க ஒரு இடம் கிடைத்திருக்கிறது. அதை எனக்குக் காட்டத்தான் கூப்பிட்டிருக்கிறாய். நான் அங்கேயும் ரெலிபோன் அடித்தேனாம். இடம் நிரம்பிவிட்டதாம்.

அப்படியென்றால் நான் பொய் சொன்ன அந்த நிமிடமே அது பொய் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

சுகந்தி தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். மறைக்க முடியவில்லை, அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் மச்சாள். ரெலிபோனை வைச்சிட்டு வந்து கண்ணாலை தண்ணி வரச் சிரிச்சவர். 'காட்டுக்கு ரெலிபோன் அடிச்ச ஒரே ஆள் என்ரை அக்காதான்' எண்டார். பிறகு கன நேரம் கதைக்காமல் இருந்தார். 'நான் மச்சாளிட்டைக் கேக்கட்டே?' எண்டனான். 'வேண்டாம், அக்காவுக்கு வெக்கமாய்ப் போயிடும்' எண்டிட்டார்."

நீ சிரித்ததைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இன்னும் நன்றாகச் சிரித்திருக்கலாம். சிரித்த பிறகு பேசாமல் இருந்தாயே, அந்த நேரத்தில் என்ன நினைத்தாய்? அக்காவுக்கு இருபத்தைந்து பேருக்குச் சமைக்க நேரம் இருக்கிறது, என்னோடு ஒரு இரவு இருக்க மனம் இல்லை என்று நினைத்தாயா? அப்படி நினைத்திருந்தால், அது பிழை என்று சொல்ல என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நீயும் இல்லை. வெட்கப்பட விடாமல் நீ என்னைக் காப்பாற்றிய மாதிரி உன்னை நான் ஒருமுறையாவது காப்பாற்றினேனா?

அழுதால் நீ எழுந்து வந்து தோளில் தட்டப்போவதில்லை, தெரியும். மன்னிப்புக் கேட்கிறேன் தம்பி. இடம்பெயர்ந்த கதையை உனக்கெதிராக எடுத்ததற்கும், ரெலிபோனில் பொய் சொன்னதற்கும். உன் அத்தானிடம் சொல்லிவிட்டேன். மற்ற நாலு வீட்டுக்கும் இதோ சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

உன் பை இப்போது என் வீட்டு வாசலில் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை சுகந்தி, ஆரணி, உன் அத்தான், நான் நாலு பேரும் போகிறோம். நேற்று ஆரணி வரவேற்பறையில் கூடாரத்தை அடித்துப் பழகினாள், உன் அத்தான் அதற்குள் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வரமாட்டேன் என்றார். ரைஸ் குக்கர் கொண்டுபோகவில்லை. கருவாடும் இல்லை. நான் அங்கே என்ன செய்வேன் என்று இன்னும் தெரியவில்லை. நீ இருந்த மாதிரி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருக்கப் பழகுவேன். இந்த முழங்கால் நடக்க விடுகிற மட்டும் ஒவ்வொரு வருடமும் ஒரு இரவு அங்கே வந்து இருப்பேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு. இனி உனக்குச் சாட்டுச் சொல்லமாட்டேன்.

இந்த முறை உண்மையாகவே கேட்டுவிட்டேன் தம்பி. இடம் இருக்கிறதாம்.

உன் உடன்பிறந்த
பவளக்கா,
ஸ்டோவ்னர், ஒஸ்லோ